எருமைகள்

அமெரிக்க ஃபுட்பால் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்.

"முதல்ல தடுப்பாட்டக்காரனை எடுங்க சார். பந்து எறியுறவனைக் காப்பாத்த ஆளே இல்ல. போன சீசன்ல ரெண்டு பேருக்குக் கால் போச்சு" என்றேன், அணியின் பயிற்சியாளரான நான்.

முதலாளி கிராவுஸ் இளித்தார். "எருமை மாதிரி குறுக்க நிக்கிறவனைப் பார்க்க எவன்யா டிக்கெட் வாங்குவான்? ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிறவனை எடு!"

எடுத்தோம். தடுப்பாட்டக்காரனையே எதிர்பார்த்திருந்த ரசிகர்கள் செய்தி கேட்டுக் கொதித்துப்போனார்கள். முதலாளி வாசலுக்கு வந்ததும் பியர் டப்பாக்கள் பறந்தன.

காவலுக்கு வந்திருந்த நான்கு தடியர்கள் பாய்ந்து அவரைச் சூழ்ந்தார்கள். ஒரு டப்பாகூட அவர்மேல் படவில்லை.

காருக்குள் விழுந்தவர், "கில்லாடிப் பசங்கய்யா! எங்கே வேலை கத்துக்கிட்டீங்க?" என்றார்.

கதவைச் சாத்த வந்த தடியன் குனிந்தான்.

"உங்க டீம்லதான் சார். ஹெல்மெட் இல்லாம அடையாளம் தெரியலையா? போன வருஷம் நீங்க துரத்திவிட்ட எருமைங்க!"