நான்கு மனுக்களில் ஒரே கையெழுத்து

கைத்துப்பாக்கியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடமாட உரிமம் வேண்டும் என்று லண்டனில் யாராவது மனுப்போட்டால், பொலிஸார் அதிகம் யோசிப்பதில்லை. 'இல்லை' என்று ஒரு கடிதம். உயிருக்கு ஆபத்து என்று உருக்கமாக எழுதினாலும் அதே கடிதம்தான்.

களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டுக்கு நீளத் துப்பாக்கி கேட்டால் மட்டும் கதை வேறு. குடும்ப வைத்தியரைக் கேட்பார்கள். பழைய வழக்குகளைத் தோண்டுவார்கள். வீட்டுக்கே வந்து குடைவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் உரிமம் கிடைக்கும்.

இந்த வித்தியாசத்தை ரெய்னர்ஸ் லேன் பகுதியில் இருக்கும் கிறிஸ்துராஜா நன்றாகப் படித்துவைத்திருக்கிறார் என்பதுதான் உரிமப் பிரிவு அதிகாரி கோசிகாவின் சந்தேகம்.

பத்து மாதத்தில் நான்கு மனுக்கள். நான்கு பேரும் முப்பதை ஒட்டிய தமிழர்கள். தனியாக வாழும் ஆண்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் நான்கு பேருக்கும் நற்சான்று கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் கிறிஸ்துராஜா.

மூன்று மனுக்கள் தள்ளுபடியாகிவிட்டன. நான்காவது ஆள் நிஷாந்த், மருந்துக்கடையில் வேலை. கோப்பில் ஒரு கறைகூட இல்லை. கோசிகா கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி அவன் கைக்குப் போய்விடும். அங்கிருந்து யார் கைக்கு?

சனிக்கிழமை பிற்பகல் அவள் கிறிஸ்துராஜாவின் வீட்டு மணியை அழுத்தினாள். தெருமுனையில் நின்ற காரில் இரண்டு பொலிஸ்காரர்கள் இருந்தார்கள். அவள் போனில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே வந்துவிடுவார்கள்.

கிறிஸ்துராஜா ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மடிப்புக் கலையாத சட்டையுடன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மனைவி லூர்தம்மா தேநீரும் றோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள்.

“சூடாய் இருக்கு. எடுங்கோ பிள்ளை.”

கோசிகா தொடவில்லை.

“அங்கிள், இந்தப் புனித செபஸ்தியார் சுடும் கழகம் எங்கை இருக்கு? கடைசி மூண்டு பேரும் அதிலை சேரப்போறம் எண்டுதான் எழுதியிருக்கினம்.”

“இன்னும் துவங்கேல்லைப் பிள்ளை.”

“உங்கடை கோயில் பாதரைக் கேட்டனான். அப்பிடி ஒரு கழகம் வரப்போறதெண்டே அவருக்குத் தெரியாது.”

“தெரிஞ்சால் தலைவர் பதவி கேப்பார்.”

“நீங்கள் சுடுவீங்களோ?”

“ரெண்டு கண்ணும் ஆபரேஷன் செய்தது. தட்டு எது, புறா எது எண்டு தெரியாது.”

“அப்ப அந்தப் பெடியளுக்கு ஏன் துவக்கு?”

“இளம் ஆக்களுக்கு ஒரு விளையாட்டு வேணும்தானே.”

கோசிகா கோப்பைத் திறந்தாள். “முதல் ஆளைக் கைத்துவக்கை மறைச்சுக் கொண்டுதிரிய லைசென்ஸ் கேக்கச் சொல்லியிருக்கிறியள்.”

“ஓம். அது என்ரை பிழை. நீங்கள் ஒண்டையும் விசாரிக்காமலே இல்லை எண்டு எழுதிப்போட்டியள். அதாலைதான் மற்ற ஆக்களைத் தட்டுச் சுடச் சொன்னனான்.”

இவ்வளவு சுலபமாக வாக்குமூலம் வரும் என்று கோசிகா எதிர்பார்க்கவில்லை.

“தள்ளுபடியான கடிதங்களை உங்களிட்டைக் கொண்டுவந்து காட்டச் சொன்னீங்களாம். பாத்த பிறகு அவையின்ரை போனையே எடுக்கேல்லையாம்.”

“உதவாத ஆக்களோடை பிறகு என்ன கதை?”

“ஒருத்தரையும் அப்பீல் பண்ண விடேல்லை.”

“என்னத்துக்கு அப்பீல்? நீங்கள் மறுத்தால் மறுத்ததுதான். உங்கடை விசாரணையிலை எனக்கு அவ்வளவு நம்பிக்கை.”

விசாரிக்கப்படும் ஆளே பொலிஸைப் புகழ்வது கோசிகாவின் ஏழு வருட அனுபவத்தில் இதுதான் முதல் தடவை.

இதுவரை சுவரோடு நின்ற லூர்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “நிஷாந்தின்ரை எப்ப முடியும் பிள்ளை? மே மாசத்துக்குள்ளை எல்லாத்தையும் முடிக்கோணும். இனியும் தள்ளிப்போட ஏலாது.”

“நீர் சும்மா இரும்,” என்றார் கிறிஸ்துராஜா.

அப்போது மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ அங்குமிங்கும் நடந்தார்கள். நின்றார்கள். திரும்பவும் நடந்தார்கள்.

“மேலை ஆர்?”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோசிகா போனைத் தட்டினாள். அரை நிமிடத்தில் இரண்டு பொலிஸ்காரர்களும் உள்ளே நின்றார்கள். ஒருவர் படிக்கட்டில் கால் வைக்கவும், மேலிருந்து ஒரு பெண் இறங்கிவரவும் சரியாக இருந்தது. கழுத்தில் ஹெட்போன், கையில் மடிக்கணினி, முகத்தில் அலுப்பு.

“என்ரை மகள், ஜெஸ்ரின்,” என்றார் கிறிஸ்துராஜா. “வீட்டிலை இருந்து வேலை.”

பிறகு எழுந்து இரண்டு கைகளையும் கோசிகாவின் முன் நீட்டினார்.

“நிஷாந்துக்கு முந்தின ரெண்டு பேரையும் தங்கமான பெடியள் எண்டு கோயில் முழுக்கச் சொன்னது, பிள்ளை. ஒருத்தன் குடிச்சுப்போட்டுக் கார் ஓடி ஜெயிலுக்குப் போனவன், மற்றவன் கூட இருந்த பெட்டைக்கு அடிச்சவன் எண்டு உங்கடை கடிதம் வந்த பிறகுதானே தெரியும்.”

கோசிகா வாய் திறக்குமுன் லூர்தம்மா போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

“இவரைக் கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ பிள்ளை, ஆனால் போக முந்தி நிஷாந்துக்கு லைசென்ஸ் உண்டோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ, உண்டெண்டால் இப்பவே அவன்ரை தாய்க்குப் போன் எடுத்து எங்கடை ஜெஸ்ரினுக்கு அவனைக் கலியாணம் பேசோணும்.”