இளையவர் முதலில்

நீதிமன்றக் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"எப்பிடித் தம்பி? அண்ணை சுகமோ?"

சோதிலிங்கத்தின் கோப்பை நிறைந்து காப்பி விரலில் வழிந்தது. சூடு கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

கேட்டவர் குமாரசாமி. எழுபது வயது. அன்றைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்.

சோதிலிங்கம் அந்த வழக்கை விசாரிக்கும் மூவரில் ஒருவர். நடுவில் நீதிபதி, இரு பக்கமும் சட்டம் படிக்காத இரண்டு ஊர்ப் பிரதிநிதிகள். ஜெர்மன்காரர் இவர்களை ஷொஃபே என்பார்கள். பெயருக்கு இருப்பவர்கள் அல்ல. தீர்ப்பில் நீதிபதிக்கு ஒரு வாக்கு என்றால் இவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு.

அந்த ஜெர்மன் ஊர்த் தமிழர்களில் அந்தக் கதிரையில் முதலில் ஏறி இருந்தவர் இவர்தான். தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகத்தில் தொடங்கினார். கோயில் சபை, விளையாட்டுக் கழகம், பிறகு நகரசபை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எந்த மண்டபத்தில் விழா நடந்தாலும் மாலைக்குக் கழுத்தை நீட்டிப் பழகிவிட்டார். அடுத்த மாதம் துணை மேயர் பதவிக்கும் கட்சி அவருடைய பெயரைத்தான் சொல்லியிருந்தது.

அந்தப் பெயரில்தான் வில்லங்கம்.

சோதிலிங்கம் என்பது அவருடைய அண்ணனின் பெயர்.

அண்ணன் எண்பத்தேழில் மஞ்சட்காமாலையில் போய்விட்டார். யுத்தத்துக்குள் ஊர் இருந்த நிலையில் சாவைப் பதிய யாரும் கந்தோருக்குப் போகவில்லை. தம்பியான இவருடைய பெயரோ இராணுவ முகாமில் தேடுகிற பட்டியலில் இருந்தது. வீட்டில் சும்மா கிடந்த அண்ணனின் பிறப்புப் பத்திரத்தை வைத்துக் கொழும்பில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து, ஆளையும் விமானம் ஏற்றிவிட்டது இதே குமாரசாமிதான்.

ஜெர்மனிக்கு வந்த பிறகும் மனிதர் அந்தத் தொழிலை விடவில்லை. செத்தவர்களின் பத்திரங்களை உயிரோடு இருப்பவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு.

காலையில் முகத்தைக் கண்டவுடனேயே, எனக்கு இவரைத் தெரியும் என்று சோதிலிங்கம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சோதிலிங்கத்தை விலக்கிவிட்டு வேறொருவரை வைத்து நடத்தியிருப்பார்கள்.

ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

இடைவேளை முடிந்து சாட்சிகள் வந்தார்கள், போனார்கள். குமாரசாமி நீதிபதிகளின் மேசைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முறைத்துப் பார்த்திருந்தாலும் தாங்கியிருக்கலாம். கடைசியாக ஏதாவது சொல்ல விருப்பமா என்று நீதிபதி அவரைக் கேட்டபோது சோதிலிங்கம், இதோ சொல்லப்போகிறார் என்றே நினைத்தார்.

"எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை" என்றார் குமாரசாமி.

மூவரும் ஆலோசனை அறைக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

தப்பினேன் என்று சோதிலிங்கம் மூச்சு விட்டார். அந்த மூச்சோடு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. இந்த ஆள் கனகாலம் உள்ளே இருந்தால் நல்லது. தன்னை உயிரோடு வெளியே எடுத்துவிட்டவர் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண்ணம் மாறவில்லை.

வழக்கமாக மற்றக் கதிரையில் இருப்பவள் முப்பது வயது ஆசிரியை. அன்று அவளுக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்திருந்தவர் ஃப்ராவ் க்ரூகர் என்ற அம்மா. தலை முழுக்க வெள்ளை. முழங்கால் வலி என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார்.

நீதிபதி வழக்குக் கோப்பைத் திறந்தார்.

"வாக்கெடுப்பு. முறை தெரியும்தானே? நான் கடைசியில்; உங்கள் இருவரில் இளையவர் முதலில். மூத்தவருக்குப் பயந்து யாரும் வாக்கை மாற்றக் கூடாது என்பதற்காக."

ஃப்ராவ் க்ரூகர் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சோதிலிங்கம் அந்த வெள்ளைத் தலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குற்றவாளிதான். கடுமையாகத் தண்டிக்க வேண்டும்."

சொன்ன வேகம் அவருக்கே கொஞ்சம் கூடிப்போனதாகப் பட்டது.

நீதிபதி எழுதவில்லை. பக்கத்திலிருந்த பெயர்ப் பட்டியலை இழுத்து, விரலை வைத்துப் பார்த்தார்.

"ஹெர் சோதிலிங்கம், நீங்கள் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. ஃப்ராவ் க்ரூகர் அறுபத்தொன்று. அவர்தானே முதலில் சொல்ல வேண்டும்?"

"விடுங்கள். பார்த்தால் என்னைவிட இளையவர் போலத்தானே இருக்கிறார்" என்று ஃப்ராவ் க்ரூகர் சிரித்தார்.

சோதிலிங்கமும் சிரித்தார்.

நீதிபதி சிரிக்கவில்லை. பட்டியலைப் பார்த்தார். பிறகு சோதிலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து செத்தவர்களின் பிறந்த திகதிகளையே வாசித்துக்கொண்டிருந்த பெண் அவர்.

"எந்த மாதம் பிறந்தீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

முப்பத்தாறு வருடங்களாக எத்தனையோ படிவங்களில் கை தானாக எழுதிய அண்ணனின் திகதி. நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியது. ஆனால் அந்த நேரம் பார்த்து, இந்த அறையில் தான்தான் இளையவன் என்பது மட்டுமே அவர் மண்டைக்குள் நின்றது.

"ஒக்டோபர்" என்றார்.

பட்டியலில் பெப்ரவரி என்று இருந்தது.