மருந்து போடும் அக்கா

“நம்ம டீம்ல எவனோ வேணும்னே சொதப்பிகினு கீறான். இன்னிக்கு மாட்னான்னா டீம வுட்டே தூக்கிருவேன்!”

ஹெட்போனில் தலைவன் ஜெகதீஷ் கத்தியதும் அகல்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஆன்லைன் விளையாட்டில் அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவது அவள் வேலை. கடைசி டிராகனிடம் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே தாமதிப்பாள். எல்லாரும் செத்து, மறுபடி முதலிலிருந்து வருவார்கள். டிராகன் செத்துவிட்டால் அதில் விளையாட வேறொன்றும் இல்லை. ஆளாளுக்குப் போய்விடுவார்கள். ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் அவளோடு பேச இவர்களை விட்டால் யார்?

டிராகன் சீறியது. வழக்கம்போல் ஜெகதீஷ்தான் முதலில் விழுந்தான்.

“அக்கா, மருந்து!”

இன்று மாட்டினால் அவ்வளவுதான். உடனே மருந்து போட்டாள். அவன் எழுந்தான். எல்லாருமாகச் சேர்ந்து வெட்டியதில் டிராகன் சாய்ந்தது.

ஒரே ஆரவாரம். பிறகு ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். ஜெகதீஷ் மட்டும் போகவில்லை.

“இன்னாக்கா இப்டி பண்ட்ட?” அவன் குரல் உடைந்தது. “பசங்களுக்கு டவுட் வரக்கூடாதேன்னு சும்மா கத்துனேன்க்கா. நீ மருந்து போட மாட்டேன்னு நம்பித்தானே ஒவ்வொரு வாட்டியும் மொத ஆளா போய் வுழுந்தேன்?”