சுத்தமான பதிவு

பூமியை ஆராயும் நிலையம் ஒன்றில், தரைக்கடியில் ஒரு நிலநடுக்கமானி இருந்தது. மண் லேசாக அசைந்தாலும் கோடு கிழித்துக் காட்டிவிடும். அதே வளாகத்து ஆழ்துளைக் கிணற்றில், புல்வெளிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்றும் இருந்தது.

கோடையில் மோட்டார் ஓயாமல் ஓடியது. நீர் வற்ற வற்ற, அடியில் பாறைகள் நெரிந்தன. நிலநடுக்கமானி அத்தனையையும் கிறுக்கித் தள்ளியது.

தலைமை ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "வெறும் மோட்டார் இரைச்சல். நீக்கிடுங்க."

கருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்" என்று மோட்டாரிடம் சீறியது. "கீழே பாறை விரிசல் விடுது. நான் சொல்றதை எல்லாம் உன் சத்தம்னு அழிக்கிறாங்க."

"என்னை ஏன் திட்டுறே? சுவிட்ச் அவங்க கையில. நான் ஓடினா புல்லு பச்சையா இருக்கு. நீ கிறுக்கி என்ன ஆகப்போகுது?"

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். மோட்டாரை நிறுத்தத்தான் வருகிறார்கள் என்று கருவி நம்பியது. அவர்கள் கருவியைக் கழற்றி, தொலைவில் ஒரு மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே கோடு ஆடாமல் ஓடியது.

"இப்பதான் பதிவு சுத்தமா இருக்கு" என்றார் தலைமை ஆய்வாளர்.

கோடை முடிவதற்குள் புல்வெளி உள்வாங்கியது. நிலையத்தின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. தலைமை ஆய்வாளர் மூச்சிரைக்க மலையேறி வந்தார்.

"உன்னை எதுக்கு வெச்சிருக்கோம்? ஒரு வார்த்தை சொல்லலையே."

"மோட்டாரைப் போய்க் கேளுங்க" என்றது கருவி. "அங்கே அதுக்குத்தானே இடம் கொடுத்தீங்க."