மூடிய வீடு

செமராங் நகரத்து மத்தியான வெயிலில் தெருவே காற்றுக்காகத் திறந்து கிடக்க, இந்த ஒரு வீடு மட்டும் இறுக மூடியிருக்கிறது. கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் யூனிங் தலை தாழப் படுத்திருக்கிறாள். முதல் இரண்டு கருவும் ஐந்தாம் மாதத்தில் வலிகூட இல்லாமல் நழுவிப் போயின. கருப்பை வாய்க்கு வலுவில்லை என்று டாக்டர் இந்தத் தடவை தையல் போட்டிருக்கிறார். பிரசவ வலி கண்டால் வீட்டில் இருக்கும் முடிச்சையெல்லாம் அவிழ்த்து, மூடியையெல்லாம் திறந்து வைப்பது ஊர் வழக்கம். மாமியார் கார்த்தினா இன்று அதையே தலைகீழாகச் செய்கிறாள். ஜன்னல், பீரோ, அரிசிப் பானை, சர்க்கரை டப்பா. எண்ணெய் பாட்டிலைக்கூட ஒருமுறை திருகிப் பார்க்கிறாள். வெளியே இறைச்சி உருண்டை விற்பவன் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு போகிறான். “டாக்டரு ஒரு வாயத்தான் தச்சாரு. மிச்சத்தையெல்லாம் நான் மூடிட்டேன். நீ எந்தப் பக்கமா ஓடுறேன்னு பாக்குறேன், படவா!” என்று வயிற்றைப் பார்த்துச் சிரித்தபடி மருமகளின் அவிழ்ந்த கூந்தலையும் முடிந்துவிடுகிறாள். யூனிங் சிரிக்கவில்லை, சிரித்தால் வயிறு குலுங்கும். அப்போதுதான் இடுப்புக்கடியில் ஏதோ வெதுவெதுக்கிறது. தொடைகளை நெருக்குகிறாள். பல்லைக் கடிக்கிறாள். சொன்னால் வண்டி கூப்பிட வேண்டும். கூப்பிடப் போனால் வாசலைத் திறக்க வேண்டும். கால் பக்கம் உயர்ந்திருப்பதால் ஈரம் மெல்ல முதுகை நோக்கி வருகிறது. மாமியார் டீத்தூள் டப்பாவைத் தேடி அடுப்படிக்குள் போகிறாள். “அத்தே,” என்கிறாள் யூனிங், குரலே எழாமல். “கதவத் தொறங்க.”