மெஷின் மேல தப்பில்லை

"மெஷின்ல கோளாறா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் வீட்டுக்காரர்.

மகள் இறந்ததிலிருந்து அவர் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான். டாக்டரிடம் கேட்டார், கடைக்காரரிடம் கேட்டார், கடைசியில் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார்.

வீசிங் இருந்த குழந்தை அது. ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை. வீட்டுக்குள்ளாவது காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதும், வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஃபில்டர் மெஷினாக வாங்கிப் பரணில் வைத்து, அறைக்கு அறை குழாய் விட்டிருந்தார். அப்படியும் போய்விட்டது குழந்தை.

"எத்தனை கடை ஏறி இறங்கினான் தெரியுமா? பொண்ணு பார்க்கக்கூட இவன் இப்படி அலையலை" என்றாள் அவருடைய அக்கா. சிரிக்கப் போனவள், பாதியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் ஏணியில் ஏறினான். டார்ச் பிடிக்க வீட்டுக்காரரின் மனைவி பின்னால் போனாள்.

பரணில் இரண்டு பேர் குனிந்துதான் நிற்க முடிந்தது. மெஷின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஃபில்டரை உருவினான் மெக்கானிக்.

"அடக் கடவுளே! இதை யாரு கழுவினது?"

அவள் டார்ச்சை ஃபில்டருக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஏன், கழுவக் கூடாதா?"

"முன்னாடி இருக்கிற வலையைத்தான் மேடம் கழுவலாம். இது உள் ஃபில்டர். அழுக்கானா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும். தண்ணி பட்டா போச்சு. பாருங்க, மடிப்பெல்லாம் பிரிஞ்சு கிழிஞ்சு கிடக்கு. ஈரம் காயாம பூஞ்சை வேற பிடிச்சிருக்கு. இது இருக்கிறதுக்கு இல்லாமலே இருக்கலாம். தூசியும் பூஞ்சையும் நேரா ரூமுக்குத்தான் போயிருக்கும்."

"குழந்தை ரூமுக்குமா?"

"எல்லா ரூமுக்கும்தான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது, யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று. அவள் அழவில்லை. ஃபில்டரை அவன் கையிலிருந்து வாங்கி, அவனுடைய சாக்குப் பைக்குள் திணித்தாள்.

"கீழே நான் பேசிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

செய்வதையும் செய்துவிட்டு மூடி மறைக்கப் பார்க்கிறாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். நம் வாயைக் கட்ட இவள் யார் என்ற எரிச்சலோடுதான் இறங்கினான்.

"என்னப்பா, சொல்லு" என்று எழுந்தார் வீட்டுக்காரர்.

அவள் முந்திக்கொண்டாள்.

"மெஷின் மேல தப்பில்லைங்க. ஃபில்டரும் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... நீங்க வேலைக்குக் கிளம்பினதும் மெஷினை அணைச்சு வெச்சிடுவேன்."

"என்னது?"

"அந்த இரைச்சல் எனக்கு ஒத்துக்கலை. தலைவலி. நீங்க வர்றதுக்கு முன்னாடி திரும்பப் போட்டுடுவேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அக்கா பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடிப்பாவி! நீ பெத்ததுதானேடி அது? உன் தலைவலிக்குப் பச்சைக் குழந்தையைக் காவு கொடுத்துட்டியே! நீயெல்லாம் ஒரு தாயா?"

வீட்டுக்காரர் கையை ஓங்கினார். ஓங்கிய கை தானாகவே இறங்கியது.

"உன் அம்மா வீட்டுக்குப் போயிடு. இனிமே உன் முகத்துல முழிக்க எனக்குத் தெம்பில்லை."

"போயிடறேங்க."

அவர் குழந்தையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஓவென்று அழுகை கேட்டது. குழந்தை போனதிலிருந்து அந்த மனிதர் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

மெக்கானிக் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தான். அவளும் பின்னாலேயே வந்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மோட்டாரை யாரும் அணைச்சு வெச்சதே இல்ல. ஓடி ஓடித் தேஞ்சிருக்கு, பார்த்தாலே தெரியுது. விவரம் தெரியாமக் கழுவிட்டேன்னு உண்மையைச் சொல்லியிருந்தா, உங்க வீட்டுக்காரர் என்னைக்காவது ஒரு நாள் மன்னிச்சிருப்பாரு. இப்படி ஒரு பொய்யைச் சொல்லி உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே!"

"அந்தப் பையை எங்கேயாவது தூரமாக் கொண்டு போய்ப் போட்டுடுங்க. அவரு போன் பண்ணிக் கேட்டாலும், ஃபில்டர் நல்லா இருந்துச்சுன்னே சொல்லுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"சொல்றேன். ஆனா, ஏன்?"

உள்ளே அழுகை இன்னும் ஓயவில்லை. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையானா அவருதாங்க குழந்தையைக் குளிப்பாட்டுவாரு. கையோட, அதே தொட்டியில இதையும் குளிப்பாட்டிக் கொண்டு போய் மாட்டுவாரு."