நிற்காத நுரை

தையல்காரி வீட்டில் காய்ச்சிய பீரை ஊற்றுகிறாள். பொங்கிய நுரை ஏன் உடனே அடங்கிவிடுகிறது என்று அவளுக்கே புரியவில்லை. நண்பர்கள் கொண்டுவந்த ஐந்து பாட்டில்களும் ஜன்னல் வெயிலில் காலியாக நிற்கின்றன. ஒவ்வொருவர் பீரையும் எல்லோரும் ஒரே கிளாஸில் மாற்றி மாற்றி ருசிபார்ப்பது இவர்கள் வழக்கம். கடைசியாக அவள் பீரின் முறை. எண்ணெயில் வறுத்த கடலைத் தட்டும் காலி. “அக்கா, இது பீரா கஷாயமா? சிபாரிசுப் பட்டியல்ல எழுத மாட்டேன்,” என்று, தேறிய பீர்களைக் குறித்துவைக்கும் நோட்டை மூடுகிறார் நண்பர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர். “எழுதாம நீங்க எந்திரிக்க முடியாது தம்பி.” அவள் கிளாஸை வெயிலில் திருப்புகிறாள். விளிம்பெல்லாம் மினுமினுக்கிறது. “கடலை எண்ணெய் உங்க உதட்டுல, பழி என் பீருக்கா?” கிளாஸை உப்பால் தேய்த்துக் கழுவிவந்து, அதே பாட்டிலிலிருந்து ஊற்றுகிறாள். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கிறது. நோட்டு திறக்கிறது. எண்ணெய் படிந்த கிளாஸை உப்பால் தேய்த்து, தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் ஊற்றினால் நுரை நிற்கும்.